இரண்டு நாள் ஒழுகும்



இன்று நற்கருணை வாங்க வருகிறவர்களுக்கு என் கையில் ஒரு மணம் வரலாம். மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிப் பார்த்தேன், போகவில்லை. பைன் மரத் தாரும் ஆளிவிதை எண்ணெயும் கலந்த மணம் அது. நேற்றுப் பகல் முழுவதும் ஊஸ் பக்கத்தில் ஒரு படகுக் கொட்டிலுக்குள் முழங்காலில் நின்றேன். செபிக்க என்று நினைத்துவிடாதீர்கள், படகின் அடிப்பலகையைச் சுரண்டத்தான். இன்றைய நற்செய்தியிலும் ஒரு படகு வருகிறது. ஆகவே மறையுரைக்கு நான் வேறெங்கும் போய்த் தேடவில்லை.

அந்தப் படகை உங்களில் சிலருக்குத் தெரியும். போன கோடையில் மறைக்கல்விப் பிள்ளைகள் ஆறு பேரை இரண்டு இரண்டாக ஏற்றிப்போனது அதில்தான். ஊசெல்வர் என்று சொல்வார்கள். பேர்கனுக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் ஊஸ் ஊரில் ஓடும் ஆற்றை வைத்து வந்த பெயர் அது. பக்கத்துக்கு மூன்றே மூன்று அகலப் பலகை. கூரையில் ஓடு ஏறுகிற மாதிரி ஒன்றின் விளிம்பில் மற்றது ஏறி நிற்கும். நான்கு துடுப்பு, காற்று இருந்தால் ஒரு பாய், அவ்வளவுதான். இந்தப் படகைக் கட்டுகிற, ஓட்டுகிற அறிவை அழியவிடாமல் கைமாற்றிக் கொடுக்கிற முறையை நல்ல முன்மாதிரி என்று 2016-இல் யுனெஸ்கோ தன் பதிவேட்டில் சேர்த்தது. படகு என்னுடையது அல்ல, அயலில் இருக்கிற ஒரு நோர்வேப் பெரியவருடையது. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, குனிய ஏலாது. எனக்குக் குனிய ஏலும், ஆனால் வேலை தெரியாது. ஆறு வருடமாக இந்தக் கூட்டு நடக்கிறது.

ஒக்டோபர் மாதம் மரத் தடிகளின்மேல் உருட்டிப் படகைக் கொட்டிலுக்குள் ஏற்றுவோம். இங்கே அந்தக் கொட்டிலுக்கு நௌஸ்ட் என்று பெயர். ஃபியோர்ட் கரைகளில் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழே வெறும் மண் தரை. சுவர்ப் பலகைகளுக்கு நடுவே விரல் போகிற இடைவெளி விட்டிருப்பார்கள், காற்றுப் போய்வர. அக்கறையான ஏற்பாடுதான். இருந்தும் ஏழு மாதத்தில் மரம் காய்ந்துவிடும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற பேர்கனில் மரம் எங்கே காயப்போகிறது என்று நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் கூரையின் கீழ் இருக்கிற மரத்துக்கு மழை என்ன செய்யும்? அதோடு ஏப்ரலும் மேயும்தான் இந்த ஊரில் மழை குறைந்த மாதங்கள். சரியாகப் படகு இறக்குகிற நேரத்தில் கிழக்குக் காற்று வந்து மிச்ச ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

நேற்றும் பெரியவர் வழமையான தன் சோதனையைச் செய்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு முகவரி அட்டையை எடுத்து, பலகையின்மேல் பலகை ஏறுகிற இடத்தில் நுழைத்தார். பாதி அட்டை உள்ளே போனது. இன்னோர் இடத்தில் முழுவதும் போய், எடுக்கவே கஷ்டப்பட்டோம். நான் படகின் கீழே படுத்து மேலே பார்த்தேன். கடையார்ப் பக்கத்தில் இரண்டு இடத்தில் நூல் மாதிரி வெளிச்சம் தெரிந்தது. கடலில் இறங்கப்போகிற படகு, அடிப்பக்கத்தால் வெளிச்சம் தெரிகிறது! பெரியவரைப் பார்த்தேன். அவர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

முதல் வருடம் இப்படித்தான் ஒரு நாள் அவர் கோப்பி குடிக்க வீட்டுக்குப் போன நேரம், நான் கடைக்கு ஓடி நான்கு குழாய் சிலிக்கோன் வாங்கி வந்தேன். அவர் சுகமில்லாத மனிதர், அவர் கஷ்டப்படக் கூடாது, திரும்பி வரும்போது ஆச்சரியப்பட வேண்டும் என்றெல்லாம் நினைப்பு. இடைவெளி கண்ட இடமெல்லாம் பிதுக்கினேன். விரலால் தடவி, வெளியே வழிந்ததைத் துடைத்து, நல்ல வடிவாகச் செய்தேன். அவர் வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இந்த நாட்டு ஆட்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அது பெரிய விசயம் என்று அப்போது எனக்குத் தெரியாது. படகை இறக்கினோம், ஒழுகவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் பலகைகள் பருத்துவிட்டன, பருத்த மரத்துக்குப் போக இடம் இல்லை. நடுவில் நான் வைத்த இறப்பர் நிற்கிறது. இரண்டு ஆணி இழுபட்டு, ஒரு பலகையில் முழ நீளத்துக்கு வெடிப்பு. அந்தக் கோடை முழுவதும் நான் படகு ஓட்டவில்லை. சிறிய கத்தியால் சிலிக்கோனைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பெரியவர் ஒரு சொல் சொல்லித்தந்தார்: ட்ருட்னே. காய்ந்த மரம் தண்ணீரில் ஊறிப் பருத்து ஒன்றையொன்று நெருங்குவதற்கு நோர்வீஜிய மொழியில் அந்தச் சொல். மரம் நீளப்பாட்டில் அதிகம் வளராது, குறுக்குப்பாட்டில்தான் பருக்கும். ஈரம் ஏறத்தாழ 30 சதவீதம் வரும்வரை பருத்துக்கொண்டே போகும், பிறகு நின்றுவிடும். கை அகலப் பலகை சில மில்லிமீட்டர் பருத்தால் போதும், அட்டை போன இடத்தில் பிறகு சவர அலகுகூடப் போகாது. ஆக, காய்ந்த படகை ஒழுகாத படகாக்குவதற்கு உள்ள ஒரே வழி அதைத் தண்ணீரில் விட்டு ஒழுகவிடுவது. “இரண்டு நாள் ஒழுகும். நீ பக்கத்தில் இரு, இறைத்துக்கொண்டிரு,” என்றார். இந்த நாட்டில் எல்லோருக்கும் எல்லோரும் நீதான், குருவானவருக்கும் விதிவிலக்கு இல்லை.

அப்படியானால் கரையிலேயே வைத்துத் தண்ணீர் ஊற்றி நிரப்பிவிடலாமே என்று அடுத்த வருடம் குழாயை இழுத்துக்கொண்டு வந்தேன். அதற்கும் வேண்டாம் என்று தலையாட்டினார். ஒரு கன மீட்டர் தண்ணீர் 1,000 கிலோ. தடிகளின்மேல் நிற்கிற படகுக்குள் அந்தப் பாரத்தை ஏற்றினால் பலகை விட்டுப்போகும். கடலுக்குள் இருந்தால் உள்ளே எவ்வளவு தண்ணீர் நின்றாலும் வெளியே நிற்கிற கடல் அதைத் தாங்கிக்கொள்ளும். விளிம்புவரை நிரம்பினாலும் மரப் படகு தாழாது, வயிற்றுவரை தண்ணீரில் நிற்கிற மாடு மாதிரி நிற்கும். இந்தக் கணக்கை நான் குருமடத்தில் ஏழு வருடம் படித்த எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை.

எனக்கு இது புதிதாக இருந்ததற்காக நான் வெட்கப்பட வேண்டும். நான் பாசையூர்க் கரையில் பிறந்தவன். அப்புவிடம் வள்ளம் இருந்தது. வாடைக் கடல் அடிக்கிற மாதங்களில் அதைக் கரையில் ஏற்றிக் கிடுகு போட்டு மூடிவைப்பார். திரும்ப இறக்குமுன் சுறா எண்ணெய் பூசுவார். குங்கிலியம் காய்ச்சுகிற மணம் கோயில் மதில்வரை வரும். பஞ்சு திரித்துக் கலப்பற்றுப் பார்க்கிற ஆசாரி ஒருவர் வருவார். இதெல்லாம் நினைவிருக்கிறது. வள்ளம் இறக்கிய அன்று இரவு அப்பு வீட்டுக்கு வராமல் கரையிலேயே படுத்ததும் நினைவிருக்கிறது. ஏன் என்று அந்த வயதில் கேட்கத் தோன்றவில்லை. கள்ளருக்குக் காவல் என்று நினைத்துக்கொண்டேன். அறுபதுக்குப் பக்கத்தில் வந்து, உலகத்தின் மறுபக்கத்தில், அந்நியர் ஒருவரின் கொட்டிலில் நின்றபோதுதான் அது விளங்கியது. அவர் இறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் வளருமுன் பைபர் வந்துவிட்டது. அதற்கும் இந்த நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு, உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். 1956-இல் நோர்வேக்கு வந்த நம்மவர் அந்தோனி ராஜேந்திரம். அவருடைய முயற்சியால் அறுபதுகளின் கடைசியில் காரைநகரில் பைபர் படகு கட்டிய சீநோர் நிறுவனம் தொடங்கியது. பைபர் படகு பெரிய கொடை, அதை நான் குறை சொல்ல மாட்டேன். எத்தனை குடும்பம் அதனால் சோறு கண்டது! பைபர் படகைக் கரையில் ஒரு வருடம் போட்டாலும், தண்ணீரில் தள்ளிய உடனே ஓடும். காயாது, ஊறாது, பருக்காது. மனிதரிடமும் நாம் இப்போது அதைத்தான் எதிர்பார்க்கப் பழகிவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. எத்தனை வருடம் விலகி இருந்தாலும் வந்த அன்றே சரியாக நிற்க வேண்டும். பதிலுரை பிழைக்கக் கூடாது, முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. ஒரு சொட்டு ஒழுகினால், “அங்கே பாருங்கோ, ஓட்டை” என்று சொல்லிவிடுகிறோம்.

சரி, நற்செய்திக்கு வருவோம்.

யோவான் இருபத்தொன்றாம் அதிகாரம். உயிர்ப்பு நடந்துவிட்டது. சீடர்கள் ஆண்டவரை ஏற்கெனவே கண்டும்விட்டார்கள். அப்படியிருந்தும் ஏழு பேர் திபேரியாக் கடலில் நிற்கிறார்கள். ஐந்து பேர் யார் என்று யோவான் காட்டுகிறார், இருவர் யாரென்று சொல்லவில்லை. அந்த இரண்டு இடத்தையும் நமக்காக விட்டுவைத்திருக்கிறார் என்று நான் எப்போதும் நினைப்பதுண்டு. பேதுரு மீன் பிடிக்கப் போவதாகச் சொல்கிறார், மற்றவர்களும் கூடவே ஏறுகிறார்கள். இது விசுவாசக் குறைவு, பழைய தொழிலுக்குத் திரும்பிப்போன பாவம் என்று பிரசங்கம் கேட்டிருக்கிறேன். கரையில் பிறந்த எவரும் அப்படிச் சொல்லமாட்டார். மனம் குழம்பினால் கடற்காரன் வேறெங்கே போவான்?

அந்தக் கடலில் ஓடிய படகு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கத் தேவையில்லை, ஒன்று கிடைத்திருக்கிறது. 1986 ஜனவரியில் வறட்சியால் கலிலேயக் கடல் உள்வாங்கியிருந்தது. கினோசர் கரையில் மீன்பிடிக்காரச் சகோதரர் இருவர் சேற்றில் ஒரு மர விளிம்பைக் கண்டார்கள். தோண்டினால் ஆண்டவரின் காலத்தையொட்டிய படகு. 8 மீட்டருக்குச் சற்றுக் கூடிய நீளம், 2.3 மீட்டர் அகலம். பல வகை மரங்களை ஒட்டுப்போட்டுத் திருத்தித் திருத்திப் பாவித்த ஏழை வீட்டுப் படகு. பேதுரு ஏறிய படகு இதுதான் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. எனக்குப் பிடித்த பகுதி வேறு. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு அது அழியாமல் கிடந்தது ஈரச் சேற்றுக்குள் இருந்ததால்தான். வெளியே எடுத்துக் காயவிட்டிருந்தால் நொறுங்கிப்போயிருக்கும். ஆகவே தண்ணீர் தெளித்துக்கொண்டே தோண்டினார்கள். நுரைப் பொருளால் முழுவதும் பொதிந்து, கடலில் மிதக்கவிட்டே கொண்டுபோனார்கள். பிறகு பல ஆண்டுகள் ஒரு தொட்டிக்குள் ஊறவைத்து, தண்ணீர் நின்ற இடத்தில் மெழுகை மெல்ல மெல்ல ஏற்றினார்கள். அவசரப்பட்டிருந்தால் கையில் தூள்தான் மிஞ்சியிருக்கும்.

பேதுருவும் அந்த விடியற்காலையில் அப்படிக் காய்ந்துதான் இருந்தார். பெரிய வியாழன் இரவு தலைமைக் குருவின் முற்றத்தில் நடந்ததை யாரும் அவரோடு பேசவில்லை. வெறும் கல்லறைக்கு ஓடினார், ஆண்டவரைக் கண்டார், மகிழ்ந்தார். ஆனால் அந்த விசயம் மட்டும் கிடுகு போட்டு மூடியபடியே கிடக்கிறது. ஆண்டவர் கரையில் நிற்கிறார் என்று தெரிந்ததும் மேலாடையைக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறாரே, நீந்தப் போகிறவன் உடுப்பைக் கழற்றுவான், இவர் போட்டுக்கொண்டு குதிக்கிறார். அந்தத் தடுமாற்றம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

கரைக்கு வந்தால் அங்கே கரி நெருப்பு எரிகிறது. அதற்கு யோவான் எழுதிய கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடத்தில்தான் வருகிறது. ஒன்று இந்தக் கரையில். மற்றது அந்த முற்றத்தில், பேதுரு குளிர்காய்ந்துகொண்டு, அந்த மனிதரைத் தெரியாது என்று சொன்ன இடத்தில். பேதுருவின் மூக்குக்கு அந்தப் புகை நன்றாகப் பழக்கம். ஆண்டவர் தற்செயலாக மூட்டிய நெருப்பு அல்ல அது என்பது என் எண்ணம்.

இப்போது ஒழுங்கைக் கவனியுங்கள். கேள்வி பிறகுதான் வருகிறது, முதலில் சாப்பாடு. மீன் வைத்திருக்கிறார், அப்பமும் வைத்திருக்கிறார். தன்னிடம் மீன் இருந்தும், அவர்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டுவரச் சொல்கிறார். 153 பெரிய மீனை யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். எண்ணியவன் சம்மாட்டி வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகே ஆண்டவர் பேதுருவின் பக்கம் திரும்புகிறார். தன்மீது அன்பு உண்டா என்று ஒருமுறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்கிறார். அங்கே கிரேக்கத்தில் அன்புக்கு இரண்டு சொல் வருகிறது என்று பெரிய ஆராய்ச்சி உண்டு, அதை இன்று விட்டுவிடுவோம். மூன்றாம் முறை கேட்டபோது பேதுரு மனம் வருந்தினார் என்று யோவான் எழுதுகிறார். அந்த வருத்தத்தை ஆண்டவர் தடுக்கவில்லை. பரவாயில்லை, மறந்துவிடு என்று சிலிக்கோன் பூசவில்லை. தண்ணீர் உள்ளே வரட்டும் என்று விட்டுவிடுகிறார். ஆனால் பேதுரு தனியாகக் கரைமேல் நிற்கவில்லை. சுற்றிவர ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோர் கையிலும் மீன் மணம்.

நான் இப்போது நம் கோயில் வாசலுக்கு வருகிறேன். கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பலி முடிந்து கீழ் மண்டபத்தில் தேத்தண்ணியும் உழுந்து வடையும் வைக்கிறோம். அதற்குப் பாடுபடுகிற அக்காமாருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. அங்கே புதிதாக ஒருவர், அல்லது நெடுநாள் வராமல் வந்த ஒருவர், கடதாசிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்பார். நாங்கள் பாசத்தோடு பக்கத்தில் போய் முதலில் கேட்கிற கேள்வி என்ன? “எங்க தம்பி, கனகாலம் காணேல்ல?” அதைக் கேட்கிறவர் மனதில் விசம் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் கேட்கப்பட்டவருக்கு அது முகவரி அட்டை. இடைவெளி எவ்வளவு என்று அளந்து பார்க்கிற அட்டை.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு நான் தப்பிப் போகக் கூடாது. சில வருடங்களுக்கு முன் ஒருவர் இங்கே வந்தார். எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று சொல்ல மாட்டேன். யுத்தம் முடிந்த வருடத்தில் கோயிலை விட்டவர், கடவுளோடு அவருக்கு ஒரு வழக்கு இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. பின்வரிசையில் இருந்தார். விசுவாச அறிக்கையில் பாதியில் நின்றுவிட்டார். காணிக்கைப் பாட்டு நேரம் கண் துடைத்தார். எனக்குப் பீடத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. திருப்பலி முடிந்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்து, அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் உண்டு, அதற்கடுத்த வாரம் நற்கருணை வாங்கலாம், பிள்ளைகளை மறைக்கல்விக்குப் பதியலாம், படிவம் என்னிடமே இருக்கிறது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். படிவத்தையும் வாங்கிக்கொண்டார். பிறகு வரவில்லை. நான்கு குழாய் சிலிக்கோன்! மூன்று கிழமை அவரைச் சும்மா இருக்கவிட்டிருக்கலாம். ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுத்து, மழையைப் பற்றிப் பேசியிருக்கலாம். பேர்கனில் அதற்கு விசயம் குறையுமா?

இதைக் கேட்டுவிட்டு, ஒழுகுகிறதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரியவரிடம் அட்டை தவிர இன்னோர் ஆயுதம் இருக்கிறது, ஒரு சின்னக் குத்தூசி. பலகையில் அங்கங்கே குத்திப் பார்ப்பார். நல்ல மரம் என்றால் ஊசி நிற்கும். அழுகல் என்றால் வெண்ணெயில் போகிற மாதிரிப் போகும். அழுகிய பலகையை எத்தனை நாள் ஊறவைத்தாலும் மூடாது, வெட்டி எடுத்துவிட்டுப் புதிதுதான் போட வேண்டும். சிலர் நம்மை விட்டுப் போனது அவர்கள் காய்ந்ததால் அல்ல. நம்மிடம் அழுகல் இருந்தது. குருக்களிடம் இருந்தது, குருக்களைக் காப்பாற்றிய மௌனத்திடம் இருந்தது, சாதி கேட்டுப் பந்தி வைத்த பழக்கத்திடம் இருந்தது. ஊரில் விட்டுவிட்டு வந்தோம் என்று நினைத்த அந்தப் பழக்கம் கலியாணப் பேச்சு வரும்போது பெட்டிக்குள்ளிருந்து எழும்பி வருகிறது. அப்படிக் காயப்பட்டவரிடம் போய், பொறுமையாக ஊறுங்கள், இரண்டு நாளில் சரியாகும் என்று சொல்வது பொய். அங்கே குனிந்து மரத்தை வெட்ட வேண்டியவர்கள் நாங்கள். குத்தூசி நம் பக்கத்துப் பலகைக்கு.

இன்னொன்று. எல்லா மரத்துக்கும் ஒரே வைத்தியம் இல்லை. கட்டுமரத்தைத் தண்ணீரில் விட்டுவைத்தால் ஊறிப் பாரமாகிவிடும். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களை வெயிலில் காயவிடுவார்கள். நம்மிலும் அப்படிச் சிலர் உண்டு. பாடகர் குழு, பங்குப் பேரவை, கொடியேற்றம், நிதி சேர்ப்பு என்று வருடம் முழுக்கத் தண்ணீரிலேயே கிடந்து பாரமாகிப் போனவர்கள். அவர்கள் இரண்டு மாதம் வராவிட்டால் நான் கவலைப்படப்போவதில்லை. போய்க் காயுங்கோ. கயிற்றைப் பிறகு கட்டிக்கொள்ளலாம்.

திரும்பி வருகிறவர்களுக்கு நேராக ஒரு வார்த்தை. இன்றைக்கும் இரண்டு மூன்று பேர் பின்வரிசையில் இருக்கிறீர்கள், நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன், பயப்பட வேண்டாம். செபங்கள் நினைவு வரவில்லையா, எழும்ப வேண்டிய இடத்தில் இருந்துவிட்டீர்களா, பழைய பாட்டு ஒன்று கேட்டதும் தொண்டை அடைத்ததா, இங்கே இருக்க எனக்கு என்ன தகுதி என்று எழும்பிப் போகத் தோன்றியதா? அது ஓட்டை அல்ல. முதல் மணித்தியாலத்தில் பலகை எல்லாம் அப்படித்தான் தண்ணீர் விடும். போன வருடம் படகை இறக்கிய முதல் இரவு நானும் பெரியவரும் மாறி மாறி இறைத்தோம். ஒரு மணித்தியாலத்துக்கு முப்பது வாளி. விடியப்புறம் எனக்கு இடுப்பு விட்டுப்போனது. இந்தப் படகு இனிச் சரிவராது, விறகுக்குத்தான் உதவும் என்றேன். அவர் கைவிளக்கை அடித்துப் பார்த்தார். கடையார்ப் பக்கம் வருகிற தண்ணீர் கயிறு மாதிரி வந்தது, இப்போது நூல் மாதிரி வருகிறது என்றார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. இரண்டாம் இரவு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பினால் போதுமாக இருந்தது. மறுநாள் காலை அடித்தட்டைத் தூக்கிப் பார்த்தால் கீழே ஒரு விரல் தண்ணீர், அதில் ஒரு பைன் முள் மிதந்துகொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

இந்த வருடமும் மே 17 தேசிய நாளுக்கு முன் படகு தண்ணீரில் நிற்க வேண்டும் என்பது பெரியவரின் கட்டளை. வருகிற வெள்ளிக்கிழமை பின்னேரம் இறக்கலாம் என்று இருக்கிறோம். அவருக்கு இந்தமுறை இரவு விழிக்க வைத்தியர் அனுமதி இல்லை, எனக்கு இடுப்பு அனுமதி தரவில்லை. ஆகவே இறைக்க ஆள் வேண்டும். வெள்ளி இரவு நான்கு பேர், சனி இரவு இரண்டு பேர். இளைஞர்கள் என்று எழுதப் பார்த்தேன், பிறகு வெட்டிவிட்டேன், யாரும் வரலாம். பெயரை மண்டபத்தில் தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில் இருக்கிற தாளில் எழுதுங்கள். இறப்பர்ச் சப்பாத்தும் ஒரு வாளியும் கொண்டுவாருங்கள். படகை ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் உயிர்காப்பு அங்கியும் கொண்டுவர வேண்டும். 8 மீட்டருக்குக் குறைந்த படகு ஓடும்போது அதைப் போட்டிருக்க வேண்டும் என்பது 2015-இலிருந்து இங்கே சட்டம். கலிலேயாப் படகு 8 மீட்டரைத் தாண்டியது, ஆகவே பேதுரு தப்பினார்.

கரையில் நெருப்பு மூட்டி மீன் சுடலாமா என்று பிள்ளைகள் நேற்றே கேட்டுவிட்டார்கள். ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டுக்குப் பக்கத்தில் தீ மூட்டத் தடை, கொட்டிலுக்குப் பின்னால் முழுக்கப் பைன் காடு. அதனால் நெருப்பு இல்லை. நான் புட்டும் மீன் குழம்பும் சட்டியோடு கொண்டுவருகிறேன், தேத்தண்ணிக்கு இரண்டு சுடுதண்ணிப் போத்தல் யாராவது கொண்டுவந்தால் நல்லது. ஒன்பது மணிக்கு வாருங்கள், சாப்பிட்டுவிட்டுத் தொடங்குவோம்.